குழாய் மூச்சு விட்ட கோடை

பூமிக்கு அடியில் ஏசி ஓடுகிறது, அதை வெளியே இழுத்து விடும் வித்தை எனக்குத் தெரியும் என்று போன கோடையில் உத்திரமேரூர்ப் பக்கம் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்த மடையன் நான்தான். யாராவது சிரித்தால் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதவர்களுக்கு இன்னொரு டீ சொல்வேன்.

விஷயம் பொய்யில்லை. வெளிநாட்டில் பூமியை ஆழமாகத் துளைத்து, உள்ளே இருக்கும் சூட்டை மேலே கொண்டுவந்து கரண்டு எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பேராசை வேண்டாம். பத்தடிக்குக் கீழே மண், கத்திரி வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது. அங்கே நீளமாக ஒரு குழாயைப் புதைத்து அதன் வழியே காற்றை இழுத்தால், காற்று தன் சூட்டை மண்ணிடம் இறக்கி வைத்துவிட்டு வரும். இதைச் செல்போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். முக்கால்வாசி பார்த்தேன். கடைசியில் அந்த ஆள் எதையோ எச்சரிக்க ஆரம்பித்தார், ஓட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரி அப்போதுதான் முதல்முறையாகக் கறிக்கோழி வளர்க்க எடுத்திருந்தாள். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது நம் பாடு. முதல் பேட்ச்சிலேயே வெயிலுக்கு நிறையச் செத்தால் அடுத்த பேட்ச் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் அந்தக் கொட்டகையை நம்பியிருந்தாள். என்னை அவள் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை, அந்தக் கோடையைத் தவிர.

ஜேசிபி வந்தது. ஏரிக்கரை ஓரத்து எங்கள் நிலத்திலிருந்து கொட்டகை வரை பள்ளம் தோண்டியது. ஆறு அங்குலக் குழாய்கள், வளைவுகளுக்கு முட்டிக் குழாய்கள், நெல் தூற்றும் பழைய ப்ளோயர் ஒன்று, சாய்மானம் பார்க்கக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தண்ணீர் டியூப். அதன் இன்னொரு முனையைப் பிடித்தவன் என் மச்சான், அவளுடைய தம்பி.

"மாமா, எந்தப் பக்கம் தாழ்வா வெக்கறது?"

"ஏரிப் பக்கத்துலேர்ந்து எது வந்தாலும் நம்ம பக்கந்தான்டா வரணும். பொறந்ததுலேர்ந்து கால்வா வெட்டிக்கினு கீற, இதுகூடத் தெரியாதா?"

"நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்றான். அதை அவன் சொன்ன தோரணையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

குழாய்களைப் பசை போட்டு ஒட்டவில்லை. வயலில் நாங்கள் யாருமே ஒட்டுவதில்லை; செருகித்தான் வைப்போம். இன்றைக்கு இந்த மடை, நாளைக்குப் பிடுங்கி அந்த மடை. மண்ணுக்குள் புதைத்த குழாயை எந்த மடைக்கு மாற்றப்போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ப்ளோயரைப் போட்டதும் கொட்டகைக்குள் சில்லென்று காற்று வந்தது. அவள் குழாய் வாயருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு சித்திரையில் ஒரு மழை கொட்டியது. அதற்கப்புறம் குழாய் பேச ஆரம்பித்தது.

முதலில் 'களக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'களக்'. உள்ளே யாரோ படுத்துக்கொண்டு எச்சில் விழுங்குவது போல இருந்தது. காற்றில் ஏரிச் சேற்றின் வாடை வந்தது. அவள் குழாயில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள இன்னாமோ கீதுய்யா."

"பூமாதேவி கொறட்ட வுடறா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காட்டினாள்: குழாய் வாய் இருந்த மூலையில் ஒரு கோழிகூட இல்லை. அங்கே தொங்கிய தட்டில் தீவனம் அப்படியே கிடந்தது. அத்தனையும் எதிர்ச் சுவரோரம் ஒட்டி நின்று, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தன. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்வெட்டர் வாங்க வேண்டியதுதான் என்றேன்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், கோழிகளுக்கு மருந்து வாங்க அவள் உத்திரமேரூர் போனாள். குளிர்ச்சி வெளியே போகக் கூடாதென்று கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை முழுக்க இறக்கிக் கட்டினேன். ப்ளோயரைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். உய்யென்று அது பாடியது. அந்தப் பாட்டு கேட்கும்வரை எனக்கு ஒரு கவலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு கொஞ்சம் மெலிந்து உச்சஸ்தாயிக்குப் போனது. மோட்டார் நன்றாகப் பழகிவிட்டது என்று நினைத்தேன். 'களக்' சத்தமும் நின்றிருந்தது. மரத்தில் ஒரு இலை ஆடவில்லை.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா, சத்தத்தையே காணோம்?"

"ஓடிக்கினுதான கீது, கேக்கல?"

"அத்தக் கேக்கல. கோயிங்க சத்தம்."

"தூங்குதுங்க. ஏசியில்ல?"

மருந்துப் பை அவள் கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய்ப் படுதாக் கயிற்றை அரிவாளால் அறுத்தாள். உள்ளிருந்து அடுப்பைத் திறந்தாற்போல அனல் முகத்தில் அடித்தது. கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கத்துவதற்குக்கூட மூச்சில்லை. செருகி மட்டும் வைத்த இணைப்புகளில் ஊறிய தண்ணீரெல்லாம், நான் வெட்டிக் கொடுத்த சாய்மானத்தில் ஒழுங்காக நடந்து வந்து, கொட்டகைக்குக் கீழே முட்டிக் குழாயில் நிரம்பி, காற்றை அடைத்துக்கொண்டு நின்றது. ப்ளோயர் ஒன்றுமில்லாததை இழுத்துக்கொண்டிருந்தது.

மச்சானும் ஓடி வந்தான். கூரைமேல் தண்ணீர் அடித்தோம், சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டோம், உயிருள்ளவற்றைப் பிரித்துப் பிரித்து வேப்ப நிழலில் விட்டோம். பாதிக்கு மேல் எழுந்து நின்றன. மீதி எழவில்லை. அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் காலையில் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். என் பெயரை அவள் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செத்தவற்றை அவள் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சாய்மானத்த மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, இன்னும் ரெண்டடி ஆயமா தோண்டிப் போட்டா..."

சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, மண்வெட்டியை என் காலடியில் போட்டாள்.

"மொதல்ல இதுங்களுக்குத் தோண்டு."