பெட்டியைத் திறக்காமல் சொன்ன தீர்ப்பு

நான்கு வருடங்களுக்கு முன், மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் இருக்கும் என் வீட்டு முன்னறையில் வைத்து, என்னை நம்பி வந்த ஒரு பெண்ணுக்கு நான் பிழை செய்தேன். வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி அவர் கொடுத்த சிறிய லெப்டொப்பை, பெட்டியைக்கூடத் திறக்காமல், உதவாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அப்போது எனக்கு எழுபது வயது. முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிறகு கணினியும் கற்றுக்கொண்டேன். போன் வாங்குவதானாலும் பிரிண்டர் வாங்குவதானாலும் ஊரில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை நடத்துபவர். வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்தால் அரசாங்க ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு வயதெல்லை உண்டு. அவருக்கு மிச்சம் இருந்தது இரண்டே வருடம். லெப்டொப் கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவர் என்பதால், அதை மூன்று நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்ல சேர். ஒன்லைன் கிளாஸ், டைப் பண்றது, பஸ்ல தூக்கிட்டுப் போறது. நீங்க பாத்து சரின்னு சொன்னா எடுத்துக்குவேன்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. நானோ பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். பெட்டியோடு சேர்த்தும் லேசாக இருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. என் வாப்பா மிளகு வியாபாரி. சாக்கில் கை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பாரம் பார்ப்பார். லேசான மிளகு உள்ளே வெறும் கோது; அதை வாங்கமாட்டார். அந்தக் கடையில் வளர்ந்த எனக்கு, பாரம் இல்லாத எதுவும் சரக்கில்லை என்பது கையிலேயே பதிந்திருந்தது. அறுபது வருடம் கழித்து, மிளகுக்குச் சொன்ன சட்டத்தை ஒரு கணினிக்கும் வைத்துவிட்டேன்.

மூன்று நாளும் பெட்டி மேசையில் இருந்தது. என் மனைவி ஒரு தடவை கேட்டார்: "தொறந்து பாக்க இல்லையா?"

"பாக்கத் தேவையில்ல. தூக்கினாலே தெரியும்."

"ஊருக்கே புத்தி சொல்ற மாஸ்டர். கலியாணத்துக்கு முந்தி என்னையும் தூக்கிப் பாத்திருந்தா தப்பியிருப்பீங்க" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் பெண் திரும்பி வந்ததும், பெரிய பெரிய தொழில்நுட்பச் சொற்களாக எடுத்து விட்டேன். இது விளையாட்டுச் சாமான், ஆறு மாதம் தாங்காது என்றேன். அதே விலைக்கு, ஒருவர் பாவித்த பெரிய லெப்டொப் ஒன்றை எடுக்கச் சொல்லி, எனக்குத் தெரிந்த வேறு கடைக்கு அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அவரைக் கண்டேன். மூலை மேசையில் அந்தப் பெரிய லெப்டொப். அதன் வயர் சுவரில் இருந்த பிளக்கில்.

"இந்த டீச்சர் வந்தா எங்கட கேத்தல நிப்பாட்டணும் மாஸ்டர்" என்றார் கடைக்காரர். "பிளக் ஒண்டுதான் ஈக்குது. ஆனா என்ன செய்யிற, போன மாசம் இவங்கட ஒன்லைன் வாய்மொழிச் சோதனைக்கு நடுவுல கரண்ட் போய், மெசினும் அணஞ்சிட்டாம். இனி அடுத்த வருசம்தானாம்."

அந்த மெசினின் பெட்டரி அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. அவர் குடியிருந்த தோட்ட லயத்திலோ மழை பெய்தால் மின்சாரம் போய்விடும். ஆகவே வகுப்புள்ள நாட்களில், அந்தப் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் இறங்கி, பஸ் பிடித்து இந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

"அது மெசின் பிழை இல்ல சேர்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். "கொஞ்சம் பாரம், அவ்வளவுதான்."

அவருடைய இரண்டு வருடத்தில் ஒன்று என்னால் போயிருந்தது.

அடுத்த நாளே முதல் கடைக்குப் போய், அதே சிறிய லெப்டொப்பை வாங்கினேன். இந்த முறை, அவர் அதை எப்படிப் பாவிப்பாரோ அப்படியே ஒரு வாரம் பாவித்தேன். தமிழில் பத்துப் பக்கம் டைப் செய்தேன். பையில் போட்டுக் கலேவெலைக்கும் திரும்பியும் பஸ்ஸில் நின்றபடி போய்வந்தேன், தோள் வலிக்கவில்லை. சார்ஜ் வயரைக் கழற்றிவிட்டு, கொழும்பில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிப் பேசியே நேரம் பார்த்தேன். ஐந்தரை மணித்தியாலம் நின்றது. குறைகளும் இருந்தன. டைப் செய்யும் எழுத்துக் கட்டைகள் நெருக்கம். வெயிலில் திரை தெரியாது. சத்தம் மெல்லியது. உள்ளே சேமிக்க இடம் குறைவு, படங்களை நிறையச் சேர்க்க முடியாது. நான்கு வேலையை ஒன்றாகத் திறந்தால் திணறும். ஆனால் அவர் சொன்ன மூன்று வேலைக்கும் அது போதும், தாராளமாகப் போதும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பாலர் பாடசாலைக்குப் போனேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் அன்று பெட்டியையே திறக்கவில்லை என்றேன்.

"தெரியும் சேர்" என்றார். "திருப்பிக் குடுக்கப் போனப்ப கடைக்காரர் காட்டினாரு. ஒட்டின டேப் ஒட்டினபடியே இருந்துச்சி."

"தெரிஞ்சுமா நான் சொன்னதக் கேட்டீங்க?"

"தொறக்காமலே சொல்ற அளவுக்கு சேருக்குத் தெரியும்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன நாற்காலியில் உட்கார்ந்தபடி, எழுதி வந்த தாளை அவரிடம் நீட்டினேன்.

லெப்டொப்பை அவருக்கே கொடுக்க வந்ததாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா வேணாம் சேர். சோதனை முடியிற வரைக்கும் தாங்க, பொறகு கொண்டாந்து தாறேன்." குரலில் கோபம் இல்லை. இரண்டாவது தடவை கேட்க இடமும் இல்லை.

அடுத்த வருடச் சோதனை நாளிலும் மின்சாரம் போனதாம். இந்த முறை மெசின் நின்றுபிடித்தது, அவர் சித்தியடைந்தார். விண்ணப்பம் வயதெல்லைக்குள் போய்ச் சேர்ந்தது. நியமனம் இன்னும் வரவில்லை. சோதனை முடிந்த வாரமே லெப்டொப்பைத் துடைத்து, முழுதாகச் சார்ஜ் செய்து கொண்டுவந்து தந்தார். இதை அதில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் பஸ்ஸில் கண்டபோது, அவர் மடியில் வேறு ஒரு சிறிய லெப்டொப் இருந்தது. கடையில் காலை முழுதும் உட்கார்ந்து, தானே திறந்து டைப் செய்து பார்த்து எடுத்ததாகச் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல தெரிவு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவர் செய்தது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும், இன்று யாராவது எதையாவது கொண்டுவந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கும்போதெல்லாம், இனிமேல் கேட்காத அந்த ஒருவர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்.