பதினேழு பேர் குடியிருக்கும் வீடு

என் அக்கா முப்பது வருடம் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். தொண்டு என்றால் ஊரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள், போர்வை கொடுப்பார்கள். இவள் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். மேம்பாலத்துக்கு அடியில் படுப்பவர்களிடம் அடையாள அட்டை கிடையாது. விலாசம் இல்லாதவர்களுக்கு எந்த அலுவலகமும் அட்டை தராது. விண்ணப்பத்தில் எங்கள் கதவு எண்ணை எழுதி அனுப்பிவிட்டு, வருகிற கடிதத்தைக் கொண்டுபோய் அவரவர் கையில் சேர்ப்பாள். இரண்டு அறை வீடு. காகிதப்படி அதில் எங்களைத் தவிர பதினேழு பேர்.

"யாராவது கேள்வி கேட்டு வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"வரட்டும்டி. விலாசம்னா லெட்டர் போய்ச் சேர்ற எடம். சேருதா இல்லையா?" என்பாள். அவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

பதினேழாவது ஆள் குடைக்காரர். பழுதான குடைகளைச் சரிசெய்பவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தொழில் படுத்துவிட்டது. இலவச ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள், அடுத்த வாரக் கடைசியில். அதற்குள் அட்டை வராவிட்டால் தேதி வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இப்படியிருக்க, அட்டை அலுவலகத்திலிருந்து விசாரணை அலுவலர் ஒருநாள் பகலில் வந்து நின்றார். அக்கா பாலத்தடிக்குப் போயிருந்தாள். நான் தையல் மிஷினில் ஒரு காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அலுவலர் கையிலிருந்த காகிதத்தில் குடைக்காரர் பெயரைப் படித்து, "இருக்காரா?" என்றார்.

"அவரா? பாலத்துக்கு அடியில இருப்பாரு, போய்ப் பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"அப்ப இங்க குடியில்லன்னு எழுதிடறேம்மா."

என் மேல் எனக்கு வந்த கோபம் முழுக்க அவர் மேல் பாய்ந்தது. காகிதத்தின் மேல் கையை அழுத்தி வைத்தேன்.

"அந்தப் பாலத்துக்கு ஒரு கதவு எண் போட்டுக் குடுங்க சார். நானே இங்கருந்து பேரை அடிச்சிடறேன்."

"விதிம்மா. இங்க தங்கினாத்தான் கையெழுத்து. கையை எடுங்க."

"நாலு மணிக்கு வாங்க. தங்கியிருப்பாரு."

அவர் சிரித்தார். ஆனாலும் பேனாவை மூடினார்.

மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடினேன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். குடைக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார்.

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம் தங்கச்சி."

"பொய் யாரு சொன்னா? மூட்டையைக் கட்டுங்க. தையல் ரூம் இனி உங்களுது. கண் ஆறுற வரைக்கும்னு நெனைக்காதீங்க, உங்களுக்கு வேணுங்கற வரைக்கும் இருங்க."

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அக்கா அதற்குள் மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

நாலு மணிக்கு அலுவலர் வந்தபோது என் அறைச் சுவரில் ஆறு குடைகள் தொங்கின. கட்டிலில் குடைக்காரர் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அலுவலர் கட்டிலைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது விறைப்பாகச் சொன்னார்:

"மீதிப் பதினாறு பேரையும் விசாரிக்கணும் போலிருக்கே."

"தாராளமா விசாரிங்க சார். ஒரு நாள் முன்னாடி மட்டும் சொல்லிடுங்க, கூடத்துல பாய் விரிக்கணும்."