ஆளுக்கொரு புத்தகம்

எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார் தணிகைவேல். பிறகு மடியிலிருக்கும் பையில் கைவிட்டுத் துழாவி ஒன்றை உருவுவார். மீஞ்சூரில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் அந்த மனிதர், கேட்காமலேயே, ஆன்மாவைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். "இத்த படி. அப்பறம் பேசு," என்பார் தணிகைவேல். அந்த ஆள் அதுவரை வாயே திறந்திருக்க மாட்டார்.

இதைத் தினமும் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிற தலையெழுத்து மோனிகாவுக்கு. சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் லைன் சூப்பர்வைசர். அவள் அதே லைனில், பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் சொத்தையைப் பொறுக்கி எறிகிற கான்ட்ராக்ட் ஆள். ரயிலில் அண்ணா, கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் சார். மௌனத்தின் பெருமையை அவர் பொன்னேரி வரை நிறுத்தாமல் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

பையைக் குறை சொல்ல முடியாது. உபநிடத விளக்கம், ஜென் கதைகள், சூஃபி ஞானிகள், சித்தர் பாடல்களுக்கு உரை, எல்லாம் தேடித் தேடி வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். வெளியே முருகன் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே ஜென் குரு யாரையாவது தடியால் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆளுக்குத் தக்கபடி கொடுப்பதிலும் கெட்டிக்காரர்தான். மெஷின் ஆபரேட்டர் சின்னதுரையின் மனைவி கோபித்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போனபோது அவனுக்குத் தியானம். கேன்டீன் சாம்பாருக்காகச் சண்டை போட்டவனுக்குப் புலனடக்கம். மோனிகா சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால், பாலைவனக் குகைகளில் தவமிருந்த கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி எங்கேயோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். "உங்க ஆளுங்களும் இதையேதாம்மா சொல்லிக்கீறாங்கோ." அவள் படித்தாள். நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவளுக்கு வேண்டியது புத்தகம் இல்லை, ஒரு வார்த்தை. லைனிலிருந்து ஒருவரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். யாரை என்று சூப்பர்வைசர் மேனேஜரிடம் வாயால் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அந்த இடம் பக்கத்து லைனுக்குப் போய்விடும். இந்த லைனில் வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கிடந்து காய்கிறவள் மோனிகா ஒருத்திதான். அது தணிகைவேலுக்கும் தெரியும். சொல்ல மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேனேஜரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அவள் கேட்கும்போதெல்லாம் ஒரு புத்தகத்தைக் கையில் திணிப்பார். முதலில் ஆசையை அறுப்பது பற்றி. அடுத்து, பலனை எதிர்பாராத கடமை பற்றி. அதற்கும் அவள் மசியாதபோது, பொறுமை பற்றி.

"இன்னாண்ணா இது? அரிசி ட்ரம்மு மேல அடுக்கி வெச்சுக்கினு கீறேன் எல்லாத்தையும். ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா பயம் உங்களுக்கு?" என்று வியாழக்கிழமை ரயிலிலேயே கேட்டுவிட்டாள்.

"பயம்ன்றதே ஒரு நெனப்பும்மா," என்றார் தணிகைவேல், கொஞ்சமும் கூசாமல். "அதுக்கு ஒண்ணு கீது. நாளைக்கு எடுத்தாரேன்."

வெள்ளிக்கிழமை மேனேஜரே லைனுக்கு வந்துவிட்டார். "என்ன தணிகைவேல், ஏதாவது சொல்லணுமா?" என்று அவராகவே கேட்டார். மோனிகா மூடிகளை மறந்து தணிகைவேலின் வாயையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் ஸ்மூத்தா போய்க்கினு கீது."

மேனேஜர் நகர்ந்தார். மோனிகாவுக்கு வந்த ஆத்திரத்தில் சொத்தை மூடிகள் தம் பாட்டுக்குப் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தன. "நல்லா இருங்கண்ணா," என்றாள். உள்ளே சார் என்று கூப்பிட வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது.

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்த பைக்குள் கை தானாகப் போய் ஒன்றை உருவியது. கொடுத்தால் மூஞ்சியிலேயே விட்டெறிவது என்று அவள் தயாராக நின்றாள். கொடுக்கவில்லை. திடீரென்று திரும்பி, பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு, மேனேஜருக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தார். "சார்! ஒரு நிமிஷம் சார்!" அந்த மனிதர் ஓடி யாருமே பார்த்ததில்லை. மோனிகா பெல்ட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கர்த்தாவே, சொல்லப் போகிறார்.

மேனேஜர் நின்று திரும்பினார். தணிகைவேல் மூச்சு வாங்கியபடி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, முருகன் சிரிக்கும் அந்த அட்டையை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.