எரிமலை வாயில் ஒரு குப்பித் தண்ணீர்

படிக்கப்போகிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடங்களில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கும். நாற்பது கிலோ தூக்கிப் பழகிய கைக்குப் பேனாவின் எடை பிடிபடவில்லை. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பட்டாபிராம் மாலை வகுப்பில் சேரும்போது எனக்கு வயது அறுபத்தெட்டு, இப்போது எழுபது. எங்கள் டீச்சரம்மா இந்தப் பக்கங்களைப் படமெடுத்து, கீழே தட்டச்சும் செய்து, வகுப்பு வலைப்பூவில் போடுகிறார். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இதை எழுத ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் சந்தோஷமாக இருந்தேன்.

மொரீஷியஸ் தீவுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஒரே மகள் கவிதா அங்கே இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ரோஸ் ஹில் என்ற ஊரில் வீடு. இங்கே இருந்தபோது கவிதாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய்விட்டது. மூன்றாவது அப்போது எட்டாம் மாதம் தொட்டிருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் வழக்கம். அவள் வர முடியாததால் தாய்வீடே அவளிடம் போனது, இரண்டு பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக.

பட்டாபிராமிலிருந்து வாடகைக் காரில் ஆவடி, பூந்தமல்லி, போரூர் வழியாக மீனம்பாக்கம் போக ஒன்றே கால் மணி நேரம், ஆயிரத்து நூறு ரூபாய். பெட்டி இல்லாதவர்கள் சென்ட்ரல் வரை ரயிலில் போய் மெட்ரோ பிடிக்கலாம், செலவு பத்தில் ஒரு பங்குகூட வராது. விமானம் நேராகப் போனால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். விசாவை அங்கே இறங்கியதும் கொடுத்துவிட்டார்கள், பணம் கேட்கவில்லை.

தீவைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் பயணத்துக்கு மாப்பிள்ளைதான் பதிவு செய்தார். ஆளுக்கு அவர்கள் ஊர்ப் பணத்தில் ஆயிரத்தைந்நூறு. ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் நம் பணம். எனக்கு அந்தத் தீவே எரிமலை கக்கிய கல் என்று கேட்டதிலிருந்து ஒரே ஆவல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் முப்பத்தாறு வருஷம் உலைக்காரனாக இருந்தவன் நான். இரும்பை உருக்கி ஊற்றினவனுக்கு, மலையை உருக்கி ஊற்றின இடத்தைப் பார்க்க ஆசை இருக்காதா?

என் மனைவி ராணிக்கு வேறு ஆசை. அங்கே மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது, கங்கா தலாவ் என்பார்கள். கங்கையின் தண்ணீர் என்றே நம்புகிறார்கள். அதில் நின்று கும்பிட்டு, ஒரு குப்பியில் தண்ணீர் கொண்டுவந்து மகள் தலையில் தெளிப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் அவள். எனக்கு அதைப் பற்றிப் பேசக்கூட வராது.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள், காலை எட்டரைக்கு வேன் வந்தது. வழிகாட்டி குமாரென், நாற்பது வயது இருக்கும். அவருடைய முன்னோர் தமிழர். தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாராம், வீட்டில் பேசுவது வேறு மொழி. அதனால் அவர் பேசுவது பாடப் புத்தகம் வாய் திறந்தது போல இருக்கும்.

“வணக்கம் ஐயா. தாங்கள் சென்னையிலிருந்து வருகிறீர்களா?”

“ஆமா நைனா. பட்டாபிராம். ஆவடி பக்கத்துல கீது.”

“ஐயா பேசுவதும் தமிழா?” என்றார் அவர்.

“இதாங்க ஒரிஜினல்” என்றாள் ராணி. வேன் டிரைவருக்கு எதுவும் புரியாமலே சிரிப்பு வந்தது. எங்களோடு புனேக்காரக் குடும்பம் ஒன்றும் இருந்தது. அவர்கள் நான்கு பேரும் நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள்.

பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். கியூர்பிப் என்ற ஊருக்கு நடுவே, வீடுகளுக்கு மேலே ஒரு மேடு. அதன் உச்சியில் எரிமலையின் வாய். விளிம்பைச் சுற்றி வட்டமாக ரோடு போட்டிருக்கிறார்கள், ஜனங்கள் அதில் காலை நடை போகிறார்கள். டிக்கெட் கிடையாது. எட்டிப் பார்த்தால் இருபத்தைந்து மாடி ஆழம் இருக்கும், உள்ளே முழுக்க மரம், அடியில் சேற்றுக் குட்டை. கீழே இறங்க விடுவதில்லை. பனி ஏறி வந்து ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டது. வந்தவுடன் பார்த்துவிடுங்கள், தேநீர் அப்புறம் குடிக்கலாம்.

ஓரத்துச் சுவரில் கறுப்புக் கல். தொட்டுப் பார்த்தேன், உடம்பெல்லாம் ஓட்டை. உருகின குழம்பில் காற்று மாட்டிக்கொண்டு உறைந்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் பவுண்டரியில் இப்படி ஒரு வார்ப்பு வந்தால் சூப்பர்வைசர் அதை என் தலையிலேயே போட்டிருப்பார். இங்கே தீவையே இப்படி வார்த்துவிட்டு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அப்போது குமாரென் சொன்னார்: “ஐயா, இந்த எரிமலை இறக்கவில்லை. உறங்குகிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.”

அந்த ஒரு சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். உலையில் வேலை செய்கிறவனுக்கு நெருப்பிடம் பயம் இல்லை, தண்ணீரிடம்தான் பயம். உருகின இரும்புக்கு அடியில் ஒரு கை ஈரம் மாட்டினால் போதும், நீராவி வெடித்துக் குழம்பு மழையாகக் கொட்டும். அதனால் உலை வாயைத் திறக்குமுன் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் “தண்ணி?” என்று கத்துவேன். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் “இல்ல!” என்று திருப்பிக் கத்த வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் திறக்க மாட்டேன். எனக்கு இருபத்து நான்கு வயதில், குழம்பு ஏந்தும் வாளி ஈரம் காயாமல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. குழம்பு வெடித்தது. என்னோடு உலையில் நின்ற மணி அண்ணன் அதற்குப் பிறகு வேலைக்கு வரவே இல்லை. என் இடது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. இன்னொன்று, அணைந்த உலையைவிட உறங்குகிற உலைதான் மோசம். வெளியே சாம்பல் மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

அங்கிருந்து பதினேழு கிலோமீட்டர் தேயிலைத் தோட்டங்கள் வழியாக ஏறி, பத்தேகாலுக்கு ஏரிக்குப் போனோம். வாசலில் வானத்தை முட்டும் சிவன் சிலை. முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். கோயில்கள், படித்துறை, ஊதுபத்தி வாசனை, குரங்குகள். ஏரி நம் கொரட்டூர் ஏரியில் ஒரு மூலைதான் இருக்கும், ஆனால் அத்தனை தெளிவு. ராணி தட்டில் வெற்றிலை, பழம், கற்பூரம் எல்லாம் வைத்துக்கொண்டு, குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். குமாரென் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த ஏரியும் ஓர் எரிமலையின் வாய்தான் ஐயா.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உறங்குகிற உலை, அதன் வாய் நிறையத் தண்ணீர், அதில் என் பெண்டாட்டி கால் வைக்கப்போகிறாள்.

“தண்ணி! தண்ணி!” என்று கத்திக்கொண்டு ஓடி, அவள் கையைப் பிடித்து மூன்று படி மேலே இழுத்துவிட்டேன். தட்டு கவிழ்ந்தது. பழம் உருண்டது. ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு போய், என் எதிரிலேயே உரித்தது.

“யோவ், கைய உடுய்யா! இன்னா ஆச்சு உனுக்கு?”

“வாணாம்மே, எறங்காத. கீழ நெருப்பு கீது.”

“இத்தினி சனம் நின்னுகினு கீதே, அதுங்கல்லாம் வெந்தா பூட்ச்சி?”

“மணி அண்ணன்கூட பத்து வருஷம் நின்னாரு. ஒருநாள்தான் ஆச்சு.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ சிந்தின கற்பூரத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “என் பொண்ணுக்கு வேண்டிக்கினு வந்தேன். இப்புடி கவுத்துட்டியே” என்றாள். படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேண்டுதல் தட்டு கவிழ்ந்தது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேன் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது.

குமாரென் பக்கத்தில் வந்தார். சிவராத்திரிக்குத் தீவு முழுக்க இங்கே நடந்தே வருகிறது என்றார். நான் தலையாட்டினேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அவர் என்னை அறிவீனன் என்று நினைக்கவில்லை. கடைசியில் கேட்டார்: “ஐயா, உலை குளிர்ந்துவிட்டதா என்று தங்கள் தொழிற்சாலையில் எப்படி அறிவீர்கள்?”

அது சரியான கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்கரையில் மண்டி போட்டேன். சூட்டை உள்ளங்கையால் பார்க்கக் கூடாது, காய்த்த தோல் பொய் சொல்லும். புறங்கையால் பார்க்க வேண்டும். தரையில் வைத்தேன், ஜில்லென்று இருந்தது. நாலு இடத்தில் வைத்தேன், நாலும் ஒரே குளிர். தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், இல்லை. கந்தக நெடி இல்லை. ஒரு கல்லைப் புரட்டினேன். ஓட்டைகளுக்குள் பாசி பிடித்திருந்தது. கல் சிவப்பாக, துரு ஏறி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. இத்தனை துரு பிடிக்க எத்தனை தலைமுறை ஆகும்? கரையோரமாக மீன்கள் வந்து என் விரலை மோந்து பார்த்துவிட்டுப் போயின.

“இன்னா சொல்லுது உன் ஒலை?” முந்தானைக்குள்ளிருந்து குரல்.

“ஆறிப்போச்சு போலத்தான் கீது.”

“போலத்தானா?”

“இரு. மொதல்ல நான் எறங்கறேன்.”

பவுண்டரியிலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் உலைக்காரன்தான் முதலில் போக வேண்டும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு படி, இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் முழங்கால் வரை தண்ணீர். அந்தக் குளிரில் “ஐயோ” என்று அலறிவிட்டேன். ராணி பதறி எழுந்தவள், நான் நடுங்குவதைப் பார்த்து, அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள். “எரிமலையாம், நெருப்பாம். வெறைச்சிப் போய் நிக்கிறான் பாரு!” என்றாள். புனே குடும்பம் அதையும் படம் எடுத்தது.

திரும்பி நின்று கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குமாரென் எங்கிருந்தோ இரண்டு பழம் வாங்கிவந்து தட்டில் வைத்தார். ராணி கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடவும் தோன்றவில்லை. அவள் கையை விடாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். குப்பியை அவளே முக்கி எடுத்தாள்.

மதியம் சாலையோரக் கடையில் பருப்பு அடைத்த பூரி தின்றோம், நம் போளிக்கு உறைப்பான தம்பி. காசு கொடுக்கும்போது அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து, அங்கேயே நின்று சத்தமாகப் படித்தேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு ஷமரேல் என்ற இடத்தில் ஏழு நிற மண் மேடு. நுழைவுக் கட்டணம் தலைக்கு ஐந்நூறுக்கு மேல். மேலே நடக்க விடுவதில்லை, மரத் தளத்திலிருந்து பார்க்கலாம். சிவப்பு, காவி, ஊதா. எல்லாம் எரிமலைக் கல் மக்கின மண். ராணி மிளகாய் உப்பு தடவின அன்னாசியைக் கடித்துக்கொண்டு, “இது கலர் கோலம் கணக்கா கீது” என்றாள். நாலரைக்கு வீடு வந்துவிட்டோம். மொத்தம் நூறு கிலோமீட்டர் இருக்கும்.

வாசலிலேயே கவிதாவை உட்காரவைத்து, ராணி தண்ணீர் தெளித்தாள். கவிதா குளிரில் தோளைக் குறுக்கினாள். ஏரியில் நடந்ததை ராணி சொன்னதும், “அப்பா கத்தினாரா? எத்தனை பேர் பார்த்தாங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆடி, ஆவணியில் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மலைமேல் நம் மார்கழியைவிடக் குளிர். முழங்கால் வலி உள்ளவர்கள் வேனில் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். ஏரியில் குரங்கு கண்ணில் படும்படி பழத்தை வைக்காதீர்கள். படியில் பாசி வழுக்கும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் பயத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

வகுப்புத் தேர்வுக்காக நான் மட்டும் திரும்பி வந்துவிட்டேன். ராணி அங்கேயே இருக்கிறாள். மீதித் தண்ணீர் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருக்கிறதாம், யாரும் குடித்துவிடக் கூடாதென்று குப்பியில் நூல் கட்டியிருக்கிறாளாம். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாள் வரும் புதன்கிழமை. தினம் இரண்டு தடவை பேசுகிறோம், இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாம்பாரில் உப்பு போட்டாயா என்று அவள் கேட்கிறாள், போட்டேன் என்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் நோட்டை விரித்து உட்காருவேன், அடுத்ததை எழுத. இந்தக் கட்டுரையில் தூரம் சொன்னேன், நேரம் சொன்னேன், விலை சொன்னேன். அடுத்ததில் முதல் வரியே ஓர் எடையாக இருக்கும். இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று. அந்த வரியைத்தான், எத்தனை மணி நேரம் ஆனாலும், அடித்தல் இல்லாமல் எழுத வேண்டும்.