அக்கா ஏறியும் அசையாத நட்டு

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது; அதைப் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். சின்ன வேலைக்கும் அரை நாள் எடுத்துக்கொள்வார். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அதைத் துடைப்பார், துடைத்ததை இன்னொரு முறை துடைப்பார். வண்டிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அவர் கை வைத்த கோளாறு திரும்பி வந்ததில்லை என்பதால், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மறுபடியும் அவரிடம்தான் வருவார்கள்.

ஷெட் வீட்டோடு ஒட்டியது. சமையலறைக் கதவைத் திறந்தால் நேராக கிரீஸ் வாசனைக்குள் கால் வைக்கலாம். கல்யாணமான புதிதில் அந்தக் கதவு வழியாக டீ கொண்டுவந்த அவர் மனைவி, துருப்பிடித்த நட்டோடு கணவர் மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளுங்க" என்று சொல்லி ஸ்பானர் மேலேயே ஏறி நின்றார். நட்டு கழன்றது. ஆறிப்போன டீயை நிதானம் அன்று வாயெல்லாம் பல்லாகக் குடித்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. பூசினாற்போல உடம்பு என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. அக்கா நல்ல கனம். அதில் அவருக்குத் துளியும் வெட்கம் கிடையாது. "எங்க வீட்டுல என்னை அளந்து போட்டு வளக்கல" என்பார். பிடித்துக்கொண்ட நட்டு எதுவானாலும், சாக்கெட்டின் நீளக் கைப்பிடியில் ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, "ஏம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று நிதானம் குரல் கொடுப்பார். அக்கா கணவரின் பழைய ஓவராலை உடுப்புக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்து, ஒரு கையால் காரின் கூரையைப் பிடித்தபடி குழாயின் நுனியில் ஏறுவார். குழாய் வில்லாக வளையும். 'டக்' என்று சத்தம் வரும். "எறங்கு, அவன் மனசு மாறிட்டான்" என்பார் நிதானம். மகள் பெரியவளாகி வேலைக்கு வேறு ஊர் போகும்வரை இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் வளர்ந்தாள்.

அன்றைக்கு நின்றது டெய்லரின் கார். தைத்த துணிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற சின்ன வண்டி, நன்றாக வயதானது. முன்சக்கரத்துப் பேரிங் ஊளையிட ஆரம்பித்திருந்தது. பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் அதன் நடுவே ஓடும் ஆக்சிலை வெளியே தள்ள வேண்டும். ஆக்சிலோ துருவேறி உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் தலையிலிருந்த பெரிய நட்டுக்கும் அதே கதி. ஆக்சிலுக்கு ஏதாவது ஆனால் மாற்று கிடைக்காது. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். அதனால் நிதானம் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தார். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். காலையில் நட்டைச் சுற்றிச் சூடு காட்டினார். சக்கரம் சுற்றாமலிருக்க டெய்லரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

அக்கா வந்து ஏறினார். சத்தம் எதுவும் வரவில்லை.

"நுனிக்குப் போ."

அக்கா நுனிக்குப் போனார்.

"கூரையப் பிடிச்சுத் தொங்குறியா என்ன? கைய விடு."

கையை விட்டார். லேசாக எம்பியும் பார்த்தார். குழாய் வளையவே இல்லை. நிதானம் நெற்றியைச் சுருக்கினார். இத்தனை வருஷத்தில் அக்கா ஏறி அசையாத நட்டு என்று ஒன்று கிடையாது. ஒருவேளை தப்பான பக்கம் திருப்புகிறோமோ என்று குனிந்து நட்டின் திருகு மரையைப் பார்த்தார். சரியான பக்கம்தான். சூடு பத்தவில்லையோ என்று மறுபடியும் காட்டினார். அக்கா மறுபடியும் ஏறினார். நட்டு அசையவில்லை. அக்கா இறங்கி, மூச்சு வாங்க மட்கார்டில் சாய்ந்து நின்றார்.

டெய்லர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அண்ணே, அக்கா உள்ள வந்து பிரேக்க மிதிக்கட்டும். நான் ஒரு தடவை ஏறிப் பாக்குறேன்."

"நீயா? இன்ச் டேப்புக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்க, நீ ஏறி என்னய்யா ஆகப்போகுது?"

"சும்மா ஒரு தடவை, அண்ணே."

ஆசைக்குத் தடை போடுவானேன் என்று நிதானம் விட்டுவிட்டார். அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார். டெய்லர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயின் நுனியில் ஏறினார். குழாய் மெல்ல வளைந்தது. 'டக்'.

நிதானம் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டெய்லர் எலும்பும் தோலுமான மனிதர். எது எவ்வளவு பாரத்துக்கு வளைந்துகொடுக்கும் என்பது நிதானத்தின் தொழில். அந்தக் கணக்கு அவரைக் கேட்காமலேயே மண்டைக்குள் ஓடியது. டெய்லர் வளைத்த குழாயை அக்கா வளைக்கவில்லை.

பெருமையைத் தானே அள்ளிக்கொள்ளக் கூடாதென்று டெய்லர் சமாதானம் சொன்னார். "அக்கா ஏற்கெனவே இளக்கி விட்டுட்டாங்க, அண்ணே. முன்ன மாதிரி இருந்திருந்தா முதல் தடவையே கழண்டிருக்கும். இப்பதான் அக்கா பாதியாயிட்டாங்களே. நானே ரெண்டு மூணு தடவை அவங்க சட்டையெல்லாம் சின்னதாப் பிடிச்சுத் தச்சிட்டேன். போன தடவை, இதுக்கு மேல பிடிச்சா தோள் உக்காராது, புதுசா வெட்டிடலாம்னு சொன்னேன். டயட்ல இருக்கேன்னாங்க."

டயட்டா? அப்படி ஒரு வார்த்தை நிதானத்தின் வீட்டில் ஒலித்ததே இல்லை. அவர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். இந்த வண்டியில் அக்கா உட்கார்ந்தால் ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கும். சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார். இப்போது சீட்டை யாரும் தள்ளவில்லை. நடுவே ஒரு வாளி வைக்க இடமிருந்தது. ஓவராலின் கழுத்துக்குள் இரண்டு எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. அவை எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில் படுக்கிற மனுஷி.

"பிரேக்க விடலாமா?" என்று அக்கா உள்ளிருந்து கேட்டார்.

அக்காவே பிரேக்கை விட்டு இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போனார். நடை மட்டும் பழைய நடையாகவே இருந்தது.

நிதானம் ஜாக்கியை வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். நட்டை முழுதாகக் கழற்றித் தரையில் போட்டார். சுத்தியலை எடுத்து ஆக்சிலின் தலையில் ஓங்கி அடித்தார். ஆக்சில் அசையவில்லை. மறுபடியும் அடித்தார். வெறியோடு அடித்தார். டெய்லர் இப்படியொரு நிதானத்தைப் பார்த்ததில்லை. இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க, நட்டு இல்லாம அடிக்கிறீங்க."

அக்கா கதவருகே நின்றிருந்தார். நிதானம் குனிந்து பார்த்தார். நட்டை ஆக்சிலின் நுனிவரை திரும்பத் திருகி வைத்துவிட்டு, அதன் மேல் பித்தளைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அடி நட்டோடு போகும், மரை பிழைக்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம். அவர் கையில் இருந்தது இரும்புச் சுத்தியல். ஆக்சிலின் தலை காளான் மாதிரி விரிந்து, மரையெல்லாம் நசுங்கிப் போயிருந்தது.

மாற்று கிடைக்காத ஆக்சில். டெய்லர் அதைப் பார்த்தார், நிதானத்தின் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நிதானம் கழற்றிய சக்கரத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உனக்கு என்னம்மா ஆச்சு?"

அக்கா தரையில் கிடந்த நட்டை எடுத்து ஓவராலில் துடைத்தார்.

"சாப்பாடு எறங்கல. கொஞ்ச நாளாவே. எறங்குனாலும் நிக்கல."

"டெய்லருக்குத் தெரியுது. எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லாட்டியும் தெரியும்னு நினைச்சேன். இன்னைக்குப் பாப்பீங்க, நாளைக்குப் பாப்பீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நிதானம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவமானமா பயமா என்று பிரிக்க முடியாமல் உடம்பெல்லாம் சுட்டது.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே."

"போயாச்சுங்க. உள்ள குழாய விட்டு, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. நாளைக்கு வந்து முடிவ வாங்கிக்கச் சொன்னாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னாங்க."

கூட யாரையாவது என்றால் என்ன அர்த்தம் என்று நிதானத்துக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"எப்ப போன? வீட்டுலதானே இருந்த?"

"இந்த வண்டிக்கு பேரிங் வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்புனீங்களே, அன்னைக்குத்தான். கடைக்குப் பக்கத்துத் தெருவுலதான் ஆஸ்பத்திரி."

"அன்னைக்கு வந்தாவது சொல்லியிருக்கலாமே, ஏம்மா."

"சொல்லணும்னுதான் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. "நீங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, ஒரு பேரிங் வாங்க இவ்வளவு நேரமான்னு கேட்டீங்க. அப்புறம் எனக்கு வாய் வரல."

நிதானத்துக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அக்கா நீட்டிய பொட்டலத்தை அவர் அங்கேயே நின்று பிரித்தார். எண்ணெய்க் காகிதத்தை விலக்கி, பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கொண்டுவந்து கொடுத்தவளை ஏறிட்டுப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.