மஞ்சள் குடித்த லாரி

பிள்ளைகளா, டிரான்சிஸ்டரின் பின்மூடியைக் கழற்றியது யார் என்று அப்பா ஏன் இன்னும் கேட்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசியது என் காதில் விழுந்தது. கேட்க மாட்டேன். ஏன் என்று மட்டும் சொல்கிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன், கோவையாக எழுத வராது. வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் லாரி ஓட்டினார். செட்டியாரை நாங்கள் முதலாளி என்போம். லாரிக்கு என்னைவிட வயது அதிகம். பட்டாளத்தில் உழைத்துவிட்டு ஏலத்தில் வந்த வண்டி. முன்னால் கம்பியைச் செருகி நாலு சுற்றுச் சுற்றினால்தான் எழுந்திருக்கும். கிளீனர் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. வண்டி நின்றாலும் அவர் வாய் நிற்காது.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு, அது எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டரை அரித்துவிடும் என்று அப்பா குடிக்கிற ஊருணித் தண்ணீரைத்தான் லாரிக்கும் ஊற்றுவார். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. ஒரு தடவை ரேடியேட்டர் லேசாக ஒழுகியது. அப்பா அம்மாவிடம் ஒரு கரண்டி மஞ்சள்பொடி வாங்கி உள்ளே போட்டார். பொடி போய்ச் சந்தில் அடைத்துக்கொண்டது, ஒழுகல் நின்றது.

"வண்டிக்குக் காய்ச்சல்டா மாப்ளே. உங்கப்பா வைத்தியம் பாக்குறாக" என்றார் மாமா.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போலத்தான் அப்பா ரேடியேட்டரையும் தொட்டுப் பார்ப்பார்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது முதலாளி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் நாட்டரசன்கோட்டைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற அன்று, சீர்ச் சாமான் எல்லாம் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்து, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பரப்பியாக வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்து நின்று பார்ப்பார்கள். "இந்த நடை சுத்தமாப் போயிட்டு வந்துருய்யா. அடுத்த மாசம் எடுக்குற புது லாரிக்கு நீதான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொன்ன அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. புது லாரி அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று.

ஆகவே புறப்படுகிற காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். அம்மா இடித்துச் சலித்து வைத்திருந்த மஞ்சள்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். பம்பர் மேல் ஏறி, மூடியைத் திறந்து, டப்பா முழுவதையும் ரேடியேட்டரில் கொட்டினேன். ஒரு கரண்டிக்கே அவ்வளவு குணம் என்றால் ஒரு டப்பாவுக்கு லாரி மதுரை வரைக்கும் பறக்காதா? கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் லீவு. விருந்துச் சாப்பாட்டுக்கு நானும் போகிறேன்.

பித்தளைக் குடம், அண்டா, தேக்குக் கட்டில் என்று பின்னால் நிறைய ஏற்றியிருந்தது. முதலாளி காரில் முன்னால் போய்விட்டார். கல்லல் ஊரைத் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. கொஞ்ச தூரத்தில் பானட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"தொறக்காத. மூஞ்சி வெந்துரும்" என்று மாமாவைத் தடுத்தார்.

ஆறுகிற வரைக்கும் காத்திருந்தார்கள். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"பெல்ட்டு தொளதொளத்திருக்கும் மச்சான்."

அப்பா பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "வெறப்பாத்தான் இருக்கு."

"அப்ப தண்ணிப் பம்பு."

அப்பா பம்போடு சேர்ந்து சுற்றுகிற காற்றாடியைப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. "எஞ்சின் ஹெட்டு போயித் தண்ணி கலந்துருந்தா ஆயிலு மோராட்டம் வெளுத்துருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாகத்தான் இருந்தது.

"ஆளு நல்லா இருக்கான், காய்ச்சல் மட்டும் அடிக்குதுங்கிறீக" என்றார் மாமா.

அப்பா முன்னால் குனிந்து புறங்கையை ரேடியேட்டரின் மேல்பக்கம் வைத்து வெடுக்கென்று எடுத்தார். பிறகு கீழ்ப்பக்கம் வைத்தார். எடுக்கவே இல்லை.

"மேல கொதிக்குது, கீழ குளுந்து கெடக்கு. தண்ணி எறங்கல. உள்ள என்னமோ அடச்சிருக்கு."

கீழே இருந்த ரப்பர் குழாயைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. களி மாதிரி மஞ்சளாக ஒன்று வழிந்து அவர் கையில் விழுந்தது. அதை முகர்ந்து பார்த்தார்.

"எம்புட்டு மச்சான் போட்டீக? வண்டிக்கே சடங்கு சுத்துனீகளா?" என்றார் மாமா.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கைகளை. என் நகக்கண் எல்லாம் மஞ்சள். கால்சட்டையிலும் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, முன்னால் போன கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி வருவது தெரிந்தது.

"தம்பி, அங்குட்டு வாய்க்கால்ல போயிக் கையக் கழுவு. கால்சட்டையவும் நனச்சுக்க" என்றார் அப்பா.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, அதற்குத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு ஓடினேன். மஞ்சள் லேசில் போகவில்லை. மணலைப் போட்டுத் தேய்க்கும்போது முதலாளியின் குரல் கேட்டது.

"என்னய்யா இது?"

"ஒழுகுச்சு முதலாளி. மஞ்சப்பொடி போட்டேன். கை தவறிக் கூட விழுந்துருச்சு."

"இத்தன வருசம் வண்டி ஓட்டுறவன்யா நீ! பச்சப்புள்ள செய்யிற வேலையால்ல இருக்கு!"

"ஆமா முதலாளி" என்றார் அப்பா.

கார் போய்விட்டது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு, மேல்வாய் வழியாகத் திரும்பத் திரும்ப ஊற்றிக் கழுவ வேண்டும். எங்களிடம் இருந்ததோ நசுங்கின வாளி ஒன்று.

"பின்னால அம்புட்டுக் குடம் இருக்குல்ல மச்சான்? ரெண்ட எடுப்போம்" என்றார் மாமா.

"பொண்ணு இன்னும் தொடாத குடம்டா" என்றார் அப்பா.

ஒற்றை வாளியோடு மாமாவும் நானும் மாறி மாறி ஓடினோம். மஞ்சள் தண்ணீர் ரோட்டில் ஓடி, பிறகு வெளுத்து, கடைசியில் தெளிந்தது. நாங்கள் நாட்டரசன்கோட்டை போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் வெறும் வளவைப் பார்த்துவிட்டுக் கலைந்துபோயிருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டே ஒவ்வொரு குடமாக இறக்கினார். திரும்பி வருகிற வழியெல்லாம் என்னைத் திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. எஞ்சினில் இருக்கிற அத்தனை கோளாறையும் கண்டுபிடிக்கிற மனுசர் என்னை மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குள் ஒரே சந்தோஷம். அம்மாவும் காலி டப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் புது லாரி வந்தது. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அதை ஓட்டி வந்தவர் தேவகோட்டையிலிருந்து வந்த வேறொரு டிரைவர். அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். எனக்கோ உள்ளுக்குள் கும்மாளம். பழைய லாரி எங்களோடுதானே இருக்கப்போகிறது!

எல்லோரும் புது வண்டியைச் சுற்றி நின்றபோது, நான் மட்டும் ஒரு செம்பில் ஊருணித் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பம்பரில் ஏறி, மூடியைத் திறந்து, சிந்தாமல் ஊற்றினேன். கீழே இறங்கி, அப்பா செய்வது போலப் புறங்கையை மேலே வைத்தேன், பிறகு கீழே வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே குளிர்ச்சி. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். ஓடாமல் நிற்கிற லாரி அப்படித்தான் குளிர்ந்திருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.