புரட்டாசியில் ஒரு பூடில்

வெளியூர் போன பக்கத்து வீட்டு தேவி அக்கா, தன் பூடில் நாய் மோச்சியை நான்கு நாளைக்கு என்னிடம் விட்டுப் போனார். கூடவே ஒரு டப்பா அவித்த கோழி. “இது இல்லாட்டி சரியா சாப்பிடாதுலா,” என்றார். நன்றாகத் தலையாட்டினேன். அவர் கார் திரும்பியதும் கோழியைத் தெருப்பூனைகளுக்குக் கொட்டிவிட்டேன். புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி நுழையாது. பஞ்சுப் பொம்மை மாதிரி இருக்கும் நாய்க்குப் பருப்புச்சோறு போதாதா?

மோச்சி வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் நக்கும். பிறகு என்னையே பார்க்கும்.

சனிக்கிழமை படையல் போட்டுக் கற்பூரம் ஏற்றும்போது, எங்கள் வீட்டுப் பின்பக்க அலங்கார மீன் குட்டையில் தொப்பென்று சத்தம் கேட்டது. சொட்டச் சொட்ட ஓடிவந்த மோச்சி, வாயிலிருந்த மீனை வாழையிலை ஓரத்தில் வைத்தது. மீன் துள்ளி வடைமேல் விழுந்தது.

நான் அலறினேன். என் மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “விரதம் இருக்கியான்னு அதுகிட்ட கேட்டீங்களா?”

திரும்பி வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “அலமாக்! பூடில்னாலே ஜெர்மன்ல தண்ணியில குதிக்கிற நாய்னுதான் அர்த்தம். வேட்டைக்கு வளர்த்ததுலா. பொம்மைன்னு நினைச்சீங்களா?” என்று சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும் தெப்ராவ் சந்தையில் மோச்சிக்காக மீன் வாங்கி அக்கா வீட்டில் கொடுக்கிறேன். “என்னண்ணே, விரதம் எப்படிப் போகுது?” என்று மீன்காரர் கண்ணடிப்பார்.

“எனக்கு நல்லாப் போகுது,” என்பேன். “முள்ளு எடுத்துக் கொடுங்க.”